உவர்க்கும் ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்தலாமா?

வணக்கம். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் இரண்டு கோடைகளாக உவர்க்கிறது என்றும், இன்னும் 60 அடி இறக்கினால் நல்ல நீர் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இறக்காதீர்கள்.

கடலோர மணற்பாங்கான நிலத்தில், அடர்த்தி குறைந்த நன்னீர் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்தைவிட 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் ஆகியோரின் பெயரால் வழங்கும் கணக்கு. அதன்படி, தொடர்ந்து இறைத்து மேல்மட்டம் அரை மீட்டர் தாழ்ந்தால், கீழேயுள்ள உப்புநீர் காலப்போக்கில் 20 மீட்டர் வரை மேலேறிவிடும். ஆழமாகத் துளையிடுவது அந்த உப்புநீரை நாமே தேடிப் போவதாகும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் பல்லாண்டுகள் மிகையாக இறைத்ததால், கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது.

எங்கள் வீட்டிலும் குடத்தின் விளிம்பில் வெள்ளைப் படிவு கட்டி, சோப்பு நுரைக்காமல் போன காலம் உண்டு. மொட்டைமாடி மழைநீரை, மணலும் கூழாங்கல்லும் நிரப்பிய வடிகட்டும் தொட்டி வழியாகப் பழைய உறைகிணற்றில் இறக்கினோம். மோட்டாரை ஒரே மூச்சில் ஓட்டாமல் காலையும் மாலையும் 20 நிமிடம் மட்டும் ஓட்டினோம். மூன்றாவது மழைக்காலத்துக்குப் பிறகே உவர்ப்பு தணிந்தது. அண்டை வீட்டாரும் சேர்ந்து செய்தால் பலன் விரைவாகக் கிட்டும், ஏனெனில் நிலத்தடியில் மதில்சுவர் கிடையாது. குடிப்பதற்கு முன் நீரை ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.