தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசலாமா? – வாங்குவோர் கேள்வி-பதில்

வெயில் ஏறியதும் வந்த கடிதங்களில் பாதி ரேடியேட்டர் சமாச்சாரம்தான். சுருக்கித் தருகிறேன். தெர்மோஸ்டாட் என்பது, இன்ஜின் சூடாகும்வரை கூலண்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு.

டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. தெர்மோஸ்டாட் போயிருக்கும் என்கிறார்கள். கடைகளில் 280, 650, 1,300 ரூபாய் என மூன்று விலை. எதை வாங்க?
– வாசகர், ஆம்பூர்

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முள் எப்போது ஏறுகிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. நெரிசலில் நின்றால் ஏறி, பைபாஸில் ஓடினால் இறங்குகிறதா? ஃபேனையும் அதன் ரிலேயையும் பாருங்கள். வேகமாக ஓடும்போது ஏறுகிறதா? ரேடியேட்டர் அடைத்திருக்கும். கசிவே தெரியாமல் கூலண்ட் குறைந்து, ரேடியேட்டரில் குமிழி விடுகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும். தெர்மோஸ்டாட் மாற்றி ஒரு பயனும் இல்லை. வண்டியை எடுத்த கொஞ்ச நேரத்தில் முள் சிவப்பைத் தொடுகிறது, ஆனால் ரேடியேட்டர் பக்கம் ஹோஸ் சூடே ஏறவில்லை என்றால், தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

கழற்றியதை அடுப்பில் சோதிக்கலாம். விளிம்பில் 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும். வால்வு திறக்கத் தொடங்கும் சூடு அது. பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள், அடியில் படக்கூடாது. 100 டிகிரிக்கு மேல் காட்டும் தெர்மாமீட்டர் வேண்டும். காய்ச்சல் பார்ப்பது உதவாது. 82 என்று போட்டது அந்தச் சூட்டை ஒட்டி அசைந்து, 95 வாக்கில் நன்றாகத் திறக்க வேண்டும். தண்ணீர் கொதித்தும் அசையவில்லை, அல்லது ஆறிய பிறகும் இடுக்கில் வெளிச்சம் தெரிகிறது என்றால் குப்பைக்கு. புதிதாக வாங்குவதையும் பொருத்துமுன் இதே தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

விலைக்கு வருவோம். சில வண்டிகளில் பிளாஸ்டிக் ஹவுசிங்கோடு சேர்த்தே விற்கிறார்கள். 1,300 அதற்காக இருக்கலாம், கேளுங்கள். பெட்டியில் தயாரிப்பாளர் முகவரி, மாதம்-வருடம், எம்.ஆர்.பி., பார்ட் நம்பர் எல்லாம் அச்சிட்டிருந்தால் நடுவிலைப் பொருள் போதும். வெறும் பாலிதீன் கவரில் வரும் 280 ரூபாய் சரக்கு வேண்டாம்.

"நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டார். இப்போது மைலேஜ் குறைகிறது. சம்பந்தம் உண்டா?
– வாசகர், ஆற்காடு

உண்டு. இந்த வசனத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டத்திலும் கேட்டுக் காது புளித்துவிட்டது. வெளியே 42 டிகிரி அடித்தாலும் இன்ஜினுக்கு அது குளிர்தான். அது ஒழுங்காக ஓடுவது 90ஐ ஒட்டிய சூட்டில். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் கூலண்ட் முதல் நிமிடத்திலிருந்தே ரேடியேட்டருக்குப் போய் ஆறி வருகிறது. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று சென்சார் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி விடுகிறது. உங்கள் மைலேஜ் போன வழி இது. ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகிப் போகாது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பழுப்பு வெள்ளையாகக் கூழ் ஒட்டியிருக்கும்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு அடியில் இரண்டாவதாக ஒரு தட்டு இருக்கும். வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு பைபாஸ் வழியை மூடும். மொத்தமாகப் பிடுங்கிவிட்டால் பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும். கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமல் இன்ஜினையே சுற்றிவரும். ஏலகிரியின் 14 வளைவுகளில் ஏ.சி. போட்டு ஏறும்போது, சூடு குறையட்டும் என்று கழற்றிய வண்டிதான் முதலில் கொதிக்கும்.

மெக்கானிக் கழற்றியதை உங்கள் கையில் தந்தாரா? இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அதில் இருக்கும் எண்ணைப் பார்த்து அதே டிகிரியில் புதிது போடுங்கள். குறைந்த டிகிரி வாங்கினால் கூடுதல் குளிர்ச்சி என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். கூலி வாங்கிக்கொண்டு வண்டியில் இருந்த பாகத்தை எடுத்துவிட்டு அனுப்புவதற்கு ரிப்பேர் என்று பெயர் இல்லை.

ரேடியேட்டருக்கு போர் தண்ணி ஊற்றலாமா?
– வாசகர், குடியாத்தம்

கூடாது. குக்கர் அடியில் வெள்ளையாகப் படியும் அதே உப்புதான் ரேடியேட்டர் குழாயிலும் படியும். டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்கள்.

மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், இரண்டு ஹீட்டர் ஹோஸ் எல்லாம் வீட்டிலேயே மாற்றப்போகிறேன். பழைய கிளிப் போதுமா? எவ்வளவு கூலண்ட்?
– வாசகி, காட்பாடி

ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில் காலையில் தொடங்குங்கள். பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள். சில வண்டிகளில் சாவி இல்லாமலே ஃபேன் சுற்றும். கூலண்டை அகலத் தட்டில் பிடியுங்கள். இனிப்பாக இருப்பதால் தெரு நாய் நக்கும், அது விஷம்.

ஒட்டிப்போன ஹோஸை முறுக்கி இழுக்காதீர்கள். ரேடியேட்டர் கழுத்து பிளாஸ்டிக், உடைந்தால் செலவு ஆயிரக்கணக்கில். எப்படியும் பழைய ஹோஸ்தானே, பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள், கழுத்தில் கீறல் விழாமல். புது ஹோஸ் வழுக்கி ஏற சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸும் ஆயிலும் ரப்பரை ஊத வைக்கும். கீழ் ஹோஸுக்குள் பழையதில் ஸ்பிரிங் இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும். இல்லையேல் பம்ப் உறிஞ்சும்போது ஹோஸ் சப்பிப்போகும்.

வண்டியோடு வந்த ஸ்பிரிங் கிளிப் துருப்பிடிக்காமல், பிடிப்புத் தளராமல் இருந்தால் அதையே போடுங்கள். ஹோஸ் சூட்டில் விரிந்து சுருங்கினாலும் அது கூடவே பிடிக்கும். திருகு கிளிப் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். மலிவு கிளிப் ஒரு பெட்டி என்னிடம் கிடக்கிறது, இரண்டாம் முறை இறுக்கினாலே திருகு வழுக்கும். கிளிப் உட்கார வேண்டிய இடம் கழுத்து விளிம்பின் மேட்டுக்கு உள்பக்கம். ஸ்க்ரூடிரைவர் எட்டும்படி தலையைத் திருப்பி வையுங்கள்.

கையோடு தெர்மோஸ்டாட்டையும் மாற்றுவதாக இருந்தால், ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினை நோக்கி, சின்ன ஊசி வால்வு இருந்தால் அது மேலே. ரப்பர் ரிங் உள்ளதற்குப் பேஸ்ட் எதுவும் வேண்டாம். பிதுங்கி உள்ளே போனால் ஹீட்டரை அடைக்கும். ஹவுசிங் போல்ட்டுகளை மாற்றி மாற்றி, அளவாக இறுக்குங்கள். அலுமினிய மரை சீக்கிரம் போய்விடும்.

கூலண்டுக்கு வண்டிக் கையேட்டில் மொத்தக் கொள்ளளவு இருக்கும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் நான்கைந்து லிட்டர். உள்ளே தண்ணீர் விட்டு அலசினால், வடித்த பிறகும் இன்ஜின் பிளாக்கில் ஒன்றிரண்டு லிட்டர் தங்கும். அதன்மேல் கலந்து விற்கும் கூலண்டை ஊற்றினால் நீர்த்துப்போகும். ஆகவே கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கூலண்ட்) வாங்கி, மொத்தக் கொள்ளளவில் சரிபாதியை முதலில் ஊற்றிவிட்டு, மிச்சத்தை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்புங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள்.

பேட்டரியை மாட்டி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்கி அமுக்கி விட்டால் குமிழி வெளியேறும். மட்டம் இறங்க இறங்க ஊற்றி, குமிழி நின்றதும் மூடுங்கள். ஃபேன் இரண்டு முறை சுற்றி நின்று, ஹீட்டரில் சூடான காற்று வந்தால் காற்றடைப்பு போய்விட்டது. மறுநாள் காலை ஆறியபின் மட்டத்தை ஒருமுறை பாருங்கள்.

ஆன்லைனில் படம் பார்த்து ஹோஸ் வாங்கினேன். வளைவு கொஞ்சம் வேறு. வெட்டிப் பொருத்தலாமா?
– வாசகர், சத்துவாச்சாரி

ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் நம்பர், பழைய ஹோஸின் மேல் பார்ட் நம்பர். இரண்டையும் பார்க்காமல் படத்தைப் பார்த்தீர்களா? வெட்டினால் திருப்பி அனுப்பவும் முடியாது. மடங்கும் இடத்தில் ஓட்டம் அடைபடும், ஃபேனில் உரசினால் கிழியும். திருப்பி அனுப்புங்கள்.

"ஒரிஜினல்" என்று கொடுத்த மேல் ஹோஸ் மூன்றே வாரத்தில் வெடித்தது. பில் தரவில்லை. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று போர்டைக் காட்டுகிறார்கள்.
– வாசகர், வாலாஜா

உங்கள்மேல் ஒரு தவறும் இல்லை. அந்தப் போர்டு குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. மூன்று வாரம்தான் ஆகிறது, உடனே எழுத்தில் கேளுங்கள். ஜிபேயில் கட்டிய பதிவு, பெட்டி, கிழிந்த ஹோஸ் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். ஹோஸைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், படம் மட்டும் காட்டுங்கள்.

பதிவுத் தபாலில் 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அதன்பின் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருட அவகாசம் உண்டு. வெடித்ததால் இன்ஜினுக்குச் சேதம் இருந்தால் மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ரேடியேட்டர் ஒழுகலுக்கு மஞ்சள் தூள் போட்டால் நிற்குமாமே?
– வாசகர், திருப்பத்தூர்

நடுரோட்டில் நின்ற லாரிக்காரர் ஊர் போய்ச் சேரச் செய்த வேலை அது. ஒழுகல் நிற்கலாம், கூடவே ஹீட்டரும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் அடைக்கும். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் புது தெர்மோஸ்டாட் வாங்குமுன் மொத்தத்தையும் அலசுங்கள்.