ஆதார், உடம்பில் வைக்கும் சிப், ஏஐ எல்லாம் மிருகத்தின் முத்திரையா? என் அம்மா ரொம்பப் பயப்படுகிறார். கிறிஸ்தவர்கள் விளக்க முடியுமா?

இல்லை. 'விசுவாசம் இல்லாதவள்' என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்பாடிப் பக்கம் சிஎஸ்ஐ சபையில் பிறந்து வளர்ந்தவள் நான். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுக்கிறேன். கர்த்தருடைய வருகையை, அதாவது இயேசு திரும்ப வருவார் என்பதை, முழு மனதோடு நம்புகிறேன்.

உங்கள் அம்மா யூடியூப் பிரசங்கம் பார்த்துத்தான் பயந்திருப்பார். அதில் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலின் 13-ம் அதிகாரத்தை மட்டும் காட்டியிருப்பார்கள். வலது கையிலோ நெற்றியிலோ முத்திரை, அது இல்லாதவன் வாங்கவும் விற்கவும் முடியாது, எண் 666. சரி, அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் அடுத்த அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும். மிருகத்தை வணங்கி முத்திரையைத் தரித்துக்கொள்கிறவனுக்குத்தான் அங்கே தண்டனை. தெரியாமல் ஒட்டிக்கொள்கிற விஷயம் இல்லை இது, யாரை வணங்குகிறோம் என்பதுதான் கேள்வி. அதே 14-ம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் ஆட்டுக்குட்டியானவரோடு, அதாவது இயேசுவோடு, நிற்கிறவர்களின் நெற்றியிலும் பிதாவின் நாமம் இருக்கிறது. அது சிப் இல்லையென்றால் இது மட்டும் எப்படி சிப் ஆகும்?

666 என்பது பழைய ரோம மன்னன் நீரோவைக் குறிக்கிறது என்று சொல்லும் வேத அறிஞர்கள் நிறைய பேர். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் அது இனி வரப்போகிற அந்திக்கிறிஸ்துவின், அதாவது கிறிஸ்துவின் எதிராளியின், எண் என்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒவ்வொரு புதுப் பொருளையும் காட்டி ஏழை ஜனங்களைப் பயமுறுத்துகிறவர்களோடுதான் சண்டை. 1974-ல் கடைக்கு வந்த பார்கோடைச் சொன்னார்கள், பிறகு ஆதாரைச் சொன்னார்கள், 2021-ல் கொரோனா தடுப்பூசியைச் சொன்னார்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரின் போதனையை நம்பி 1844 அக்டோபர் 22 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் வருகைக்குக் காத்திருந்தார்கள். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார் என்று மத்தேயு 24-ல் இயேசுவே சொல்லியிருக்கும்போது எதற்கு இந்தக் கணக்கு?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் அத்தைதான் காரணம். குடியாத்தத்தில் இருக்கிறார். தெருக்குழாயில் குடத்தை வைத்தவர் அப்படியே மயங்கி விழுந்தார். நாடித்துடிப்பு நாற்பதுக்கும் கீழே. பேஸ்மேக்கர் வைத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். அத்தை மாட்டேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஜெபக்கூட்டத்தில் ஒருவர், "உள்ள வைக்கிறது சிப்பு. வருகையில கைவிடப்பட்டுடுவீங்க" என்று சொல்லியிருக்கிறார். அத்தைக்குச் சாவைப் பற்றிப் பயமே இல்லை. மாமாவைப் பரலோகத்தில் பார்க்க முடியாமல் போய்விடுமே என்றுதான் அழுதார்.

திரும்ப அழைத்துக்கொண்டு போனோம். டெக்னீஷியன் ஒரு மாதிரிக் கருவியை அவர் உள்ளங்கையில் வைத்தார். தீப்பெட்டி அளவுகூட இல்லை, வழவழவென்று டைட்டானியம் மூடி. உள்ளே பேட்டரியும் சர்க்யூட்டும். இதயம் துடிக்கத் தாமதித்தால் வயர் வழியாக ஒரு சின்னத் தூண்டல் கொடுக்கும். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க வைப்பீங்க?" என்றார். காரை எலும்புக்குக் கீழே என்றார் அவர். "யாரையாவது கும்பிடச் சொல்லுவாங்களாம்மா?" என்று என்னிடம் கேட்டார். கையெழுத்து மட்டும்தான் கேட்பாங்க அத்தை என்றேன். ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரிப் போதகரான சாப்ளின் ஐயா வந்து ஜெபித்தபோது, "இந்தப் பெட்டிக்காகவும் ஜெபம் பண்ணுங்கய்யா" என்றார். பண்ணினார். அத்தை இன்றைக்கும் வேலூர் வந்தால் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வருகிறார்.

மருத்துவ விஞ்ஞானம் கிறிஸ்துவுக்கு விரோதம் என்று வேலூர்க்காரர்களிடம் யாரும் சொல்லக்கூடாது. மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சிஎம்சி ஆஸ்பத்திரி. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை டாக்டர் பால் பிராண்ட் அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தியதும் இங்கேதான். ஜெபம் பண்ணிக்கொண்டேதான் கத்தியையும் பிடித்தார்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அத்தை சிறுவயதிலிருந்து பீடி சுற்றியவர். விரல் ரேகை தேய்ந்துபோய்விட்டது. ரேஷன் கடையில் மெஷினில் விரலை வைப்பார், முந்தானையில் துடைத்து மறுபடியும் வைப்பார். "ரேகை விழல, நாளைக்கு வாங்க." ஓடிபி போகிற போன் மகனிடம். அவனோ ஆம்பூரில் ஷூ கம்பெனியில், ஷிஃப்ட் முடியும்வரை போனைத் தொட முடியாது. பேஸ்மேக்கர் வைத்த மனுஷி வெயிலில் வெறும் பையோடு திரும்பி வருகிறார். ஆதாரை மிருகம் என்று நான் சொல்லவில்லை, திரித்து எழுதாதீர்கள். ஆனால் 'வாங்க முடியாது' என்ற வசனத்தை மைக்கில் முழங்குகிற ஒருவராவது இந்த அரிசிக்காக வாய் திறந்து நான் கேட்டதில்லை. பைபிளில் ஏழைகளுக்காகக் குரல் கொடுத்த ஆமோஸ் தீர்க்கதரிசி இருந்திருந்தால் திறந்திருப்பார்.

ஏஐக்கும் இதே பதில்தான். அது சொல்வதைக் கடவுள் வாக்குபோல எடுத்துக்கொண்டால் தப்பு. பில் போடவும் ஸ்கேன் பார்க்கவும் உதவினால் தப்பில்லை.

அம்மாவைக் கேலி மட்டும் செய்யாதீர்கள். அவர் பயப்படுவது கர்த்தரை இழந்துவிடுவோமோ என்றுதான். பக்கத்தில் உட்கார்ந்து 13, 14 இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து சத்தமாக வாசியுங்கள். டாக்டர் ஏதாவது சிகிச்சை சொல்லி, அம்மா இந்தப் பயத்தில் அதைத் தள்ளிப்போட்டிருந்தால், உங்கள் சபை ஆயரையும் கூட்டிக்கொண்டு இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.