அதிகம் உழைக்காத மடிக்கணினி பேட்டரி ஏன் கெடுகிறது?

கேள்வி: மடிக்கணினியை மேசையில் வைத்து, பெரும்பாலும் சார்ஜரில் இணைத்தபடியே பயன்படுத்துகிறேன். மூன்று ஆண்டுகளில் பேட்டரி தாங்கும் நேரம் பாதியாகிவிட்டது. இப்போது 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜும் ஏறுவதில்லை. அதிகம் பயன்படுத்தாத பேட்டரி ஏன் இப்படி ஆகிறது?

நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிச் சங்கதிகள். 80 இல் நிற்பது பழுதாகவே இல்லாமல் இருக்கலாம் என்பதால் அதை முதலில் பார்த்துவிடுங்கள். லெனோவோவில் கன்சர்வேஷன் மோட், ஆசுஸில் பேட்டரி ஹெல்த் சார்ஜிங், எச்பி கணினிகளில் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை மென்பொருள்) பேட்டரி ஹெல்த் மேனேஜர் என்று ஒவ்வொரு நிறுவனமும் சார்ஜுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதியைத் தருகிறது. மேக்புக்கும் பழக்கத்தைப் பார்த்துத் தானாகவே 80 இல் நிறுத்தி வைப்பதுண்டு. மென்பொருள் புதுப்பிப்பின்போதோ, வீட்டில் வேறு யாரோ தொட்டதாலோ அந்த அமைப்பு இயங்கத் தொடங்கியிருக்கலாம். மதுரையில் மடிக்கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். இந்த ஓர் அமைப்பைப் பார்க்காமல் புது பேட்டரிக்குப் பணம் கொடுக்கத் தயாராக வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை.

பேட்டரி தாங்கும் நேரம் பாதியானது மட்டும் உண்மையான தேய்மானம். நீங்கள் அதை உழைக்கவிடாததும் அதற்கு ஒரு காரணம்.

லித்தியம் அயனி மின்கலத்துக்குள் ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் கோபால்ட், நிக்கல் போன்ற உலோகங்களின் ஆக்ஸைடு. இரண்டுக்கும் நடுவே மின்பகுளி என்னும் கரிமத் திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்ஸைடிலிருந்து கிளம்பிக் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. கணினி ஓடும்போது திரும்பிவிடுகின்றன. போய்வரும் இந்த லித்தியத்தின் அளவுதான் பேட்டரியின் கொள்ளளவு. தொழிற்சாலையில் அடைத்து மூடியபின் அது கூட வழியில்லை, குறையத்தான் வழி.

குறைவது எங்கே என்பதுதான் இதில் மிகவும் சுவையான பகுதி. சார்ஜ் ஏறிய கிராஃபைட்டைத் தொடும் எந்தக் கரிமத் திரவமும் சிதைந்துவிடும். தொடக்ககால ஆய்வுகளில் புரொப்பிலீன் கார்பனேட்டை ஊற்றியபோது கிராஃபைட்டே அடுக்கடுக்காக உரிந்துபோனது. எத்திலீன் கார்பனேட் கலந்தபோதோ திரவம் சிறிது சிதைந்து, கிராஃபைட்டின் மேல் உறுதியான மெல்லிய படலமாகப் படிந்தது. லித்தியத்தை உள்ளே விடும், திரவத்தைத் தடுக்கும் படலம் அது. இன்று நம் கையில் இருக்கும் பேட்டரிகள் இயங்குவதே அதன் தயவில்தான். ஆனால் அந்தப் படலம் உருவாவதற்கும் லித்தியம் வேண்டும். தொழிற்சாலையில் முதல் முறை சார்ஜ் ஏற்றும்போதே பத்து சதவீதம்வரை லித்தியம் அதில் சிக்கிக்கொள்கிறது. பெட்டியில் அச்சிட்ட கொள்ளளவு அந்த இழப்பு போக மிஞ்சியது.

அதன்பிறகும் படலம் வளர்வது நிற்பதில்லை. திரவம் துளித்துளியாக ஊடுருவிச் சிதைகிறது. கிராஃபைட் லித்தியத்தை வாங்கும்போது உப்பி, விடும்போது சுருங்குவதால் படலத்தில் விரிசல் விழுந்து, அங்கே புதுப் படலம் படிகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியம் கணக்கிலிருந்து போய்விடுகிறது. எவ்வளவு கொஞ்சம் தெரியுமா? முழுதாக ஒருமுறை ஏறி இறங்குவதைச் சுற்று என்போம்; ஒரு சுற்றுக்கு 99.9 சதவீத லித்தியம் பத்திரமாகத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. 0.999 ஐ ஆயிரம் முறை பெருக்கிப் பாருங்கள்: 0.37 வரும். ஆயிரம் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் மிஞ்ச வேண்டுமென்றால் ஒவ்வொரு சுற்றிலும் 99.98 சதவீதம் திரும்பியாக வேண்டும். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழுவினர் இந்தக் கடைசித் தசமங்களை அளப்பதற்கென்றே மிகத் துல்லியமான கருவிகளை உருவாக்கினார்கள். மூன்று ஆண்டில் பாதியாகிவிட்டதே என்று நீங்கள் வருந்துவது நியாயம்தான். எனக்கோ அது இத்தனை நாள் தாங்குவதே இன்னும் வியப்பாக இருக்கிறது.

இனி உங்கள் மேசைக்கு வருகிறேன். படலம் வளரச் சுற்றுகள் அவசியமில்லை, காலமே போதும். முழு சார்ஜும் வெப்பமும் அந்த வளர்ச்சியைத் துரிதப்படுத்துகின்றன. 100 சதவீதத்தில் ஒரு மின்கலம் சுமார் 4.2 வோல்ட்டில் நிற்கிறது, புதிய வகைகளில் அதற்கும் மேலே. அந்த நிலையில் கிராஃபைட் பக்கம் திரவம் வேகமாகச் சிதைகிறது, ஆக்ஸைடு பக்கமும் அதை அரிக்கிறது. பேட்டரி யுனிவர்சிட்டி தளம் வெளியிட்டிருக்கும் பட்டியலின்படி, 40 சதவீத சார்ஜில் 25 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு சும்மா வைத்திருந்த பேட்டரி தன் கொள்ளளவில் ஏறத்தாழ 4 சதவீதத்தை இழக்கிறது. அதையே முழு சார்ஜில் வைத்தால் இழப்பு 20. முழு சார்ஜோடு 40 டிகிரியும் சேர்ந்தால் 35. மின்கலத்துக்கு மின்கலம் இந்த எண்கள் மாறும், போக்கு மாறாது.

மே மாதத்தில் எங்கள் ஊரில் அறையே 35 டிகிரிக்கு மேல் இருக்கும். அதில் ஓடும் மடிக்கணினியின் அடிப்பக்கம் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். சார்ஜரில் இணைந்தே இருக்கும் கணினியின் பேட்டரி, முழு சார்ஜோடு அந்தச் சூட்டில் நாள் முழுவதும் கிடக்கிறது. சுற்று எண்ணிக்கை ஐம்பதைக்கூடத் தொடாமல் பாதி கொள்ளளவை இழந்த பேட்டரிகளை நான் பார்ப்பது இப்படிப்பட்ட கணினிகளில்தான். மெத்தையில் வைத்து வேலை செய்கிறவர்களின் கணினியில் இன்னும் மோசம். காற்றுத் துவாரம் அடைபட்டுவிடுகிறது.

உங்கள் பேட்டரியின் நிலையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு பேட்டரிரிப்போர்ட் என்ற தெரிவைச் சேர்த்து (powercfg /batteryreport) இயக்கினால் ஓர் அறிக்கை கிடைக்கும். அதில் டிசைன் கெப்பாசிட்டி என்பது பிறந்தபோது இருந்தது, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்பது இன்று எஞ்சியிருப்பது. முன்னது 50,000 மில்லிவாட் மணியும் பின்னது 31,000 மில்லிவாட் மணியும் என்றால் 62 சதவீதம்தான் மீதி. திரையில் தெரியும் 100 என்பது இந்த 31,000 நிறைந்ததைத்தான் குறிக்கிறது. அதனால்தான் பல கணினிகளில் நூறு காட்டியபடியே நேரம் மட்டும் குறைந்துகொண்டு வருகிறது.

இந்தக் கணக்கைப் போடும் சில்லு பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியேறுவதையும் கூட்டிக் கழித்து ஊகிப்பதுதான் அதன் வேலை. எப்போதும் சார்ஜரிலேயே இருந்தால் அந்த ஊகம் வழிதவறும். 95 இல் மாட்டிக்கொள்வது, 30 காட்டும்போதே அணைந்துபோவது எல்லாம் வரும். ஒருமுறை முழுதாக ஏற்றி, கணினி தானாக அணையும்வரை ஓடவிட்டு, இடைவிடாமல் மீண்டும் ஏற்றினால் கணக்கு நேராகிவிடும். போன கொள்ளளவு அதனால் திரும்பாது. 30 இல் அணைவது அதன்பிறகும் தொடர்ந்தால் மின்கலத்தின் உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு உள்ளேயே எழும் எதிர்ப்பு, ஏறிவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

"அடிக்கடி பூஜ்யம் வரை இறக்கு" என்று இன்னமும் அறிவுரை சொல்கிறார்கள். அது நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது தண்டனை. முழுதாக இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் பீரோவில் வைத்தால், மின்னழுத்தம் எல்லைக்குக் கீழே போய் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு மின்சுற்று சார்ஜை ஏற்கவே மறுத்துவிடும், மறுப்பதும் சரிதான். வெளியூர் போகும்போது 50 சதவீத அளவில் அணைத்துவிட்டுப் போங்கள்.

நீங்கள் செய்யவேண்டியது: உச்சவரம்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுக்காதீர்கள், மேசையிலேயே இருக்கும் கணினிக்கு 80 நல்லது, 60 இன்னும் நல்லது. பயணம் போகும் நாளில் மட்டும் நூறு வரை ஏற்றிக்கொள்ளுங்கள். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ அடிமூடி பிதுங்கியிருந்தாலோ உடனே சார்ஜரைக் கழற்றி, கணினியை அணைத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். திரவம் சிதைந்து வந்த வாயுவால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. இந்தியாவில் 2022 ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மேல் வைத்திருக்கின்றன, தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

புதிது வாங்கினால் உறையின் மேல் தயாரித்த தேதியைப் பாருங்கள். பெட்டி பிரிக்காத பேட்டரிக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும். மூன்று ஆண்டு கிடங்கில் கிடந்ததைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள்.