பழைய பிரிட்டிஷ் ரயில் படங்களைப் பார்த்தே ஆண்டையும் ஊரையும் எப்படிச் சொல்கிறார்கள்? அவற்றைப் பகிர்வதிலும் விவாதிப்பதிலும் அப்படி என்ன இருக்கிறது?

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. படத்தில் தெரிகிற பொருட்களிலேயே எது ஆகப் புதியதோ, அதைத் தேடுவார்கள். பழைய பொருள் காலத்தைக் காட்டாது. ஒரு பழைய போர்டு, பழைய பெட்டி எல்லாம் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் அப்படியே கிடந்திருக்கும். ஆனால் புதிதாக வந்த ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், படம் அதற்கு முன்னால் எடுத்ததாக இருக்கவே முடியாது.

வேலைக்காக லீட்ஸ் வந்த பிறகு, இங்குள்ள பழம்பொருள் சந்தைகளில் இந்தப் படங்களை வாங்கிச் சேர்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. கையில் இருக்கும் ஒன்றை வைத்தே விளக்குகிறேன். அஞ்சலட்டை அளவில் ஒரு கறுப்பு வெள்ளை பிரிண்ட். பின்னால் பென்சிலில் ‘ஹெல்லிஃபீல்ட்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது, தேதி இல்லை. லீட்ஸிலிருந்து கார்லைல் போகும் வழியில் உள்ள யார்க்ஷயர் ஸ்டேஷன் அது. பிளாட்பாரக் கூரையைத் தாங்கும் இரும்பு வேலைப்பாட்டில், அந்த ஸ்டேஷனைக் கட்டிய மிட்லண்ட் ரயில்வே கம்பெனியின் எம், ஆர் எழுத்துகள் தெரிகின்றன. அதனால் ஊர் சரிதான்.

என்ஜின் ‘பிளாக் ஃபைவ்’ வகை. 1934 முதல் 1951 வரை 842 என்ஜின்கள் இந்த வகையில் செய்தார்கள். எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை நீராவி மறைத்துவிட்டது, 448 வரைக்கும் படிக்க முடிகிறது. ஐந்து இலக்க எண் என்பதே ஒரு தடயம். 1948 ஜனவரி 1 அன்று எல்எம்எஸ், எல்என்இஆர், சதர்ன், கிரேட் வெஸ்டர்ன் என்ற நான்கு பெரிய ரயில் கம்பெனிகளையும் அரசுடைமையாக்கியபோது எல்எம்எஸ் என்ஜின்களின் எண்ணோடு 40000, எல்என்இஆர் என்ஜின்களுக்கு 60000, சதர்ன் என்ஜின்களுக்கு 30000 சேர்த்தார்கள். கிரேட் வெஸ்டர்ன் எண்கள் மட்டும் அப்படியே இருந்தன. எல்எம்எஸ்ஸில் 5110 ஆக ஓடியது 45110 ஆனது இப்படித்தான். ஆக, என் படம் 1948க்குப் பிந்தியது.

இங்கேதான் இரண்டு தடயங்கள் முட்டிக்கொள்கின்றன. டெண்டரின் பக்கவாட்டில், அதாவது கரியும் தண்ணீரும் ஏற்றிய வண்டியில், சக்கரத்தின் மேல் சிங்கம் நிற்கும் முத்திரை இருக்கிறது. 1956இல் அதைக் கைவிட்டு, மகுடத்திலிருந்து எழும் சிங்கம் சக்கரத்தைப் பிடித்திருக்கும் புது முத்திரைக்கு மாறினார்கள். அதை மட்டும் பார்த்தால் படம் 1956க்கு முந்தியது என்று சொல்லத் தோன்றும். ஆனால் என்ஜினின் முகத்தில், புகைப்பெட்டிக் கதவின் அடியில், சின்ன முட்டை வடிவத் தகடு ஒன்று இருக்கும். எந்த லோகோ ஷெட்டைச் சேர்ந்த என்ஜின் என்பதற்கான அடையாளம் அது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் 55ஏ. லீட்ஸின் ஹோல்பெக் ஷெட். அந்த ஷெட்டுக்கு 1957 வரை 20ஏ என்று பெயர், மண்டலம் மாறியபோதுதான் 55ஏ ஆனது. தகடு போல்ட் கழற்றி மாட்டுகிற வேலை, அன்றைக்கே நடந்துவிடும். முத்திரையை மாற்ற, என்ஜின் பெரிய பழுதுபார்ப்புக்குப் போய்ப் புதிதாகப் பெயின்ட் அடித்துக்கொண்டு வர வேண்டும். அதற்குச் சில வருஷங்கள்கூட ஆகும். எனவே தகடு சொல்வதுதான் செல்லும். படம் 1957 அல்லது அதற்குப் பின்.

மேல்வரம்பு? பெட்டிகளில் பல இன்னும் சிவப்பும் வெண்மஞ்சளுமாக இரட்டை நிறத்தில் இருக்கின்றன. கறுப்பு வெள்ளையில் இது கறுத்த கீழ்ப்பகுதி, வெளுத்த ஜன்னல் பட்டை என்று தெரியும். 1956க்குப் பிறகு இவற்றை மெரூன் நிறத்துக்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள். பின்னர், 1960 வாக்கில், மேலே மின்கம்பி இருக்கிறது ஏறாதே என்று எச்சரிக்கும் மின்னல் குறித் தகடுகளை நீராவி என்ஜின்களில் ஒட்டத் தொடங்கினார்கள். என் படத்தில் அது இல்லை. இல்லாத ஒன்றை வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்றாலும், 1957க்கும் 1960க்கும் இடையில் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். பஃபர்களுக்கு மேலே இரண்டு பக்கமும் ஒவ்வொரு விளக்கு மாட்டியிருப்பதால் எக்ஸ்பிரஸ் வண்டி. எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் பாசஞ்சராக இருந்தால் புகைபோக்கிக்கு அடியில் ஒரே விளக்கு இருக்கும்.

மாதத்தைச் சொன்னது என்ஜின் இல்லை, படத்தின் இடது ஓரம். அங்கே ஒரு போர்ட்டர் குனிந்து நிற்கிறார், பக்கத்தில் பிரம்புக் கூடைகள் அடுக்கியிருக்கின்றன. முழுப் படத்தையும் ஸ்கேன் செய்து ரயில் படங்களுக்கான ஒரு இணையக் குழுவில் போட்டு, கூடைகளைப் பற்றிக் கேட்டேன். லங்காஷயரிலிருந்து ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் பதில் எழுதினார்: பந்தயப் புறா. வடக்கு இங்கிலாந்தில் புறாப் பந்தயம் பெரிய விஷயம். வளர்ப்பவர்கள் கூடையில் அடைத்து ரயிலில் அனுப்புவார்கள், தூரத்து ஸ்டேஷனில் போர்ட்டர் கூடையைத் திறந்து பறக்கவிட்டு, விட்ட நேரத்தைச் சீட்டில் குறித்து, காலிக் கூடையைத் திருப்பி அனுப்ப வேண்டும். பையனாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் அதைச் செய்திருக்கிறார். பந்தயக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, ஆகவே படம் அந்த மாதங்களுக்குள் எடுத்தது. கதவு திறந்ததும் புறாக்கள் ஒரேயடியாக எழும்பும்போது முகத்தை ஒதுக்கிக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தார். எந்த ஆவணக் காப்பகத்திலும் எனக்குக் கிடைத்திருக்காத தகவல் இது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இந்தக் கூடைகள்தான். பகிர்கிறவர்களில் பலர் என்ஜினை மட்டும் வைத்துக்கொண்டு ஓரங்களை வெட்டிவிடுகிறார்கள். படம் ‘சுத்தமாக’ இருக்க வேண்டுமாம். என்ஜினைப் பற்றிய எல்லாம், எந்த ஆண்டு செய்தது, எந்த ஷெட்டில் இருந்தது, எப்போது உடைத்தார்கள் என்பது வரை, ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. 1942இல் இயன் ஆலன் என்பவர் என்ஜின் எண்களைத் தொகுத்துச் சிறு கைப்புத்தகமாக வெளியிட்ட நாளிலிருந்து, பிரிட்டனில் பள்ளிப் பையன்கள் நோட்டும் பென்சிலுமாகப் பிளாட்பாரத்தில் நின்று இதையெல்லாம் குறித்திருக்கிறார்கள். குறிக்காமல் விட்டது ஓரத்தில் நின்ற ஆட்களையும் அவர்கள் செய்த வேலையையும்தான்.

அதனால்தான் எனக்கு எஸ். டபிள்யூ. ஏ. நியூட்டன் மேல் அவ்வளவு மரியாதை. லெஸ்டர் நகரத்துப் புகைப்படக்காரர். 1890களில் கிரேட் சென்ட்ரல் ரயில்வே லண்டனுக்குப் புதுப் பாதை போட்டபோது, அந்த வேலை நடக்கும் இடமெல்லாம் கேமராவோடு போனார். பாலங்களை எடுத்தார், நீராவி மண்வாரி இயந்திரங்களை எடுத்தார். கூடவே மண் வெட்டிய கூலித் தொழிலாளர்களை, அவர்கள் தங்கிய மரக் குடிசைகளை, வாசலில் நின்ற குடும்பங்களை எடுத்தார். 1899 மார்ச் 15 அன்று பயணிகளுக்குத் திறந்த அந்தப் பாதையின் பெரும்பகுதியை 1960களில் மூடிவிட்டார்கள். பல இடங்களில் தண்டவாளமே கிடையாது. அதைப் போட்டவர்களின் முகங்கள் மட்டும் நியூட்டனின் நெகட்டிவ்களில் இருக்கின்றன, லெஸ்டர்ஷயர் ஆவணக் காப்பகத்தில்.

எரிக் டிரேசி என்ற புகைப்படக்காரர் வேறு வகை. என்ஜினை அவர் அளவுக்குக் கம்பீரமாக எடுத்தவர்கள் குறைவு. ஆனால் லிவர்பூலின் எட்ஜ் ஹில்லில் பாதிரியாராக இருந்தபோது அங்கிருந்த டிரைவர்களோடும் ஃபயர்மேன்களோடும் பழகியவர், எடுத்த படங்களை அவர்களுக்கே கொடுத்தவர். பின்னாளில் வேக்ஃபீல்டின் பிஷப் ஆனார். 1978 மே மாதம், ஆப்பிள்பி ஸ்டேஷனில், நீராவி என்ஜின் ஒன்றைப் பார்க்கக் காத்திருந்தபோதே உயிர் பிரிந்தது. அவருடைய சுமார் 12,000 படங்கள் யார்க்கில் உள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

படங்களில் விடுபட்டுப்போனவர்களும் உண்டு. 1950களில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் ஏராளமாக ரயில்வேயில் சேர்ந்தார்கள். டொமினிக்காவில் பிறந்த ஆஸ்க்வித் சேவியர், லண்டன் மேரில்போன் ஸ்டேஷனில் கார்டாக இருந்தார். அதே நகரத்தின் யூஸ்டன் ஸ்டேஷனுக்கு மாற்றல் கேட்டபோது நிறத்தைக் காரணமாக்கி மறுத்துவிட்டார்கள். விஷயம் வெளியே வந்து பெரிதாகி, 1966 ஆகஸ்ட் 15 அன்று யூஸ்டனின் முதல் கறுப்பின கார்டாக வேலையில் சேர்ந்தார். அந்த வருஷங்களின் என்ஜின் படங்களை நான் எவ்வளவோ புரட்டியிருக்கிறேன். இவர்களைப் போன்றவர்கள் தெரிகிற படம் கையில் கிடைப்பது அபூர்வம். நீராவி முடியப் போகிறது என்று எல்லாரும் அவசர அவசரமாக என்ஜினையே எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. 1968 ஆகஸ்ட் 11 அன்று கடைசி நீராவிச் சிறப்பு ரயில் லிவர்பூலிலிருந்து கார்லைல் போய்த் திரும்பியபோது வழி நெடுகக் கேமராக்கள்.

எண்ணை நம்புவதில் ஒரு பொறி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகம் தொட்ட ‘மல்லார்ட்’ என்ஜினின் எண் அப்போது 4468. 1946இல் 22 ஆனது, அரசுடைமைக்குப் பிறகு 60022. ஓய்வு கொடுத்துப் பாதுகாத்தபோது மறுபடியும் 4468 எழுதிவிட்டார்கள். எனவே 4468 என்று தெரிந்தால் படம் 1946க்கு முந்தியதாகவும் இருக்கலாம், போன வருஷம் எடுத்ததாகவும் இருக்கலாம். பக்கத்தில் நிற்பவர்களின் உடையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் கொஞ்சம். இப்போது கணினியில் நிறமேற்றிய படங்கள் நிறையச் சுற்றுகின்றன. எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை, காரணம் இருக்கிறது. 1900 வாக்கில் இருந்த பெரும்பாலான கண்ணாடி நெகட்டிவ்களுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பெல்லாம் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். மிட்லண்ட் ரயில்வேயின் அடர்சிவப்பு என்ஜின் படத்தில் கரிக்கட்டை மாதிரி இருக்கும். மென்பொருளுக்கு இது எப்படித் தெரியும்? தொழிற்சாலைப் படங்களில் இன்னும் சிக்கல். புது என்ஜினை அதிகாரபூர்வமாகப் படம் எடுக்க, முதலில் அதற்குப் பளபளப்பில்லாத சாம்பல் நிறம் அடிப்பார்கள், ஒவ்வொரு ஆணியும் குழாயும் தெளிவாகத் தெரிவதற்காக. படம் எடுத்த பிறகுதான் உண்மையான நிறம். அந்தச் சாம்பல் நிறத்தில் அந்த என்ஜின் ஒருநாளும் வண்டி இழுத்ததில்லை. நிறம் வேண்டுமென்றால் 1950களின் கோடாகுரோம் என்ற வண்ண ஃபிலிம் ஸ்லைடுகளைத் தேடுங்கள். அந்த ஃபிலிமின் வேகம், அதாவது ஒளியை வாங்கும் திறன், 10 ஏஎஸ்ஏ என்ற மிகக் குறைந்த அளவுதான் என்பதால், நல்ல வெயிலில் நின்றுகொண்டிருக்கும் வண்டிகளே அதிகம் கிடைக்கும். 1961இல் கோடாகுரோம் 2 வந்த பிறகு ஓடும் ரயில்களும் நிறத்தில் வரத் தொடங்கின.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு தொகுதி கிளாஸ்கோவில் இருக்கிறது. 1903 முதல் 1962 வரை அங்கே இயங்கிய நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் கம்பெனி இந்தியாவுக்கு ஏராளமான என்ஜின்கள் செய்தது. நம் பிராட் கேஜ் 5 அடி 6 அங்குலம், பிரிட்டனில் 4 அடி 8½ அங்குலம். அதனால் இந்தியாவுக்கான என்ஜின் பிரிட்டிஷ் தண்டவாளத்தில் போக வழியில்லை. டிரெய்லரில் ஏற்றி ஸ்பிரிங்பர்ன் பகுதியிலிருந்து நகரத் தெருக்கள் வழியாக இழுத்துக்கொண்டு போய், ஃபின்னிஸ்டன் கிரேனால் கப்பலில் இறக்கினார்கள். வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே ஒரு முழு என்ஜின் போவதும், தெருவோரம் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்ப்பதும் படங்களில் இருக்கின்றன. 175 டன் தூக்கக்கூடிய அந்த கிரேன் கிளைட் நதிக்கரையில் இன்றும் நிற்கிறது. உங்கள் தாத்தா பெரம்பூரிலோ அரக்கோணத்திலோ வேலை பார்த்தவர் என்றால், அவர் கைபட்ட என்ஜின்களில் சில அந்தத் தெருக்களில் வந்தவையாக இருக்கலாம்.

உங்களிடம் இப்படிப் படங்கள் இருந்தால், பகிர்வதற்கு முன் சில விஷயங்கள். வெள்ளை விளிம்பு உட்பட முழுப் பிரிண்ட்டையும் 600 டிபிஐக்கு (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். நெகட்டிவ் என்றால் 2400க்கு மேல். பின்பக்கத்தையும் தனியாக ஸ்கேன் செய்யுங்கள், கிறுக்கல் மாதிரி இருந்தாலும். பின்னால் எதையாவது எழுதுவதென்றால் பென்சிலில் மட்டும். பால்பாயின்ட் அழுத்தம் முன்பக்கம் வரை வந்துவிடும். நெகட்டிவை இடவலம் மாற்றி ஸ்கேன் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எண் தெரியாவிட்டாலும், இரட்டைப் பாதையில் வண்டி வலப்பக்கம் ஓடுவதாகத் தெரிந்தால் பெரும்பாலும் படம் திரும்பியிருக்கிறது, நம் ஊர் மாதிரியே அங்கேயும் இடப்பக்கம்தான்.

பிரிண்ட்டையோ நெகட்டிவையோ காசு கொடுத்து வாங்கியதால் காப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. பிரிட்டனில் அது எடுத்தவர் இறந்து 70 ஆண்டுகள் வரை இருக்கிறது. பின்னால் முத்திரையோ பெயரோ இருந்தால் அதைப் படத்தோடு சேர்த்தே போடுங்கள், உரிமை கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள். குழுவில் பதிவிடும்போது ‘இது என்ன என்ஜின்?’ என்று மட்டும் கேட்காமல், முழுப் படத்தோடு ஷெட் தகடு இருக்கும் இடத்தையும் ஆட்கள் நிற்கும் ஓரத்தையும் பெரிதாக்கி இரண்டு தனிப் படங்களாகச் சேர்த்துப் போடுங்கள். என் அனுபவத்தில், என்ஜினுக்கான பதில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். ஓரத்துக்கான பதிலுக்குச் சில வாரங்கள்கூட ஆகலாம், பதிவை அழித்துவிடாதீர்கள்.