சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்கள் சொல்லும் 'டிசைன் கொள்கை' உண்மையா, வெறும் பேச்சா?

வீடு கட்டப் போகிறீர்கள், நாலைந்து பேர் வேலை செய்யும் ஓர் ஆபீஸில் பேசியிருக்கிறீர்கள், அவர்கள் 'மண்ணோடு பேசும் கட்டடம்' என்கிற மாதிரி ஏதோ சொல்லி உங்களைக் குழப்பிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் அப்படி ஓர் ஆபீஸில்தான், நாகர்கோவிலில், 9 வருஷமாக டிராஃப்ட்ஸ்மேன். டிப்ளமோ சிவில். ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு வேண்டும் என்று யாராவது கிளம்புவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: நான் ஆர்க்கிடெக்ட் இல்லை.

எங்கள் கொள்கை ஒரே வரி. தேவையில்லாததைக் கட்டாதே. கேரளத்தில் குறைந்த செலவில் வீடுகள் கட்டிய ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கரின் வழி. நான் சேர்ந்த புதிதில் எங்கள் ஆர்க்கிடெக்ட் மேடம் எங்கள் ஐந்து பேரையும் ரயிலில் திருவனந்தபுரம் கூட்டிப்போய், தம்பானூரில் பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸில் உட்கார வைத்தார். தரை சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது, மேசை மட்டும் மட்டமாக நிற்கிறது. அன்று எனக்குப் புரிந்தது காபி சிந்தவில்லை என்பது மட்டும்தான்.

மற்றது புரிந்தது தோவாளைப் பக்கம் ஒரு சைட்டில். சுவருக்கு எலிப்பொறிக் கட்டு. அதாவது செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் 3 அங்குலம் காலி விட்டுக் கட்டுவது. சுவர் அதே 9 அங்குலம்தான், ஆனால் 100 கல் போகும் இடத்தில் ஏறக்குறைய 75 போதும். உள்ளே காற்று நிற்பதால் வெயிலும் மெதுவாகத்தான் இறங்கும். கட்டின் பெயரைக் கேட்டதும் வீட்டுக்காரரின் அம்மா, "எலி வந்து குடியிருக்குமா மக்களே?" என்றார். மேடம் சிரித்துவிட்டார். கொத்தனார் சிரிக்கவில்லை, அவருக்கும் அதே சந்தேகம்.

முதல் இரண்டு நாள் கலவையில் பாதி அந்த இடைவெளிக்குள் விழுந்தது. கல்லில் மிச்சம் பிடித்ததை சிமென்ட் தின்றது. மூன்றாம் நாள் கொத்தனார் 3 அங்குல அகலத்தில் ஒரு ரீப்பர் கட்டையை அறுத்து, இடைவெளி மேல் வைத்து, இரண்டு பக்கமும் கலவை போட்டு, கட்டையை மெல்லத் தூக்கினார். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. "உங்க படத்துல கலவை விழாது மக்களே, இங்க விழும்" என்றார் என்னைப் பார்த்து. வேறு ஊர்களில் இதை முன்பே செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆனால் எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியாது! அன்று சாயங்காலமே மேடம் அந்தக் கட்டையையும் படத்தில் வரையச் சொன்னார். ஷீட் மூலையில் 'வரைந்தவர்', 'சரிபார்த்தவர்' என்று இருக்கும் கட்டங்களுக்குக் கீழே 'கொத்தனார்' என்று மூன்றாவது ஒன்றையும் போட வைத்தார். அது இன்றும் இருக்கிறது. கொள்கை என்று நான் நம்புவது அந்தக் கட்டத்தைத்தான்.

அதனால் பிரசென்டேஷனைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வேலை நடக்கிற சைட் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ஆர்க்கிடெக்ட் வந்ததும் கொத்தனார் வாயை மூடிக்கொள்கிறாரா, எதிர்த்து ஒரு வார்த்தை சொல்கிறாரா என்று பாருங்கள்.

எல்லா வீட்டுக்கும் இந்தக் கட்டு சரி என்று நான் சொல்லவில்லை. கல் ஒரே அளவாக வராவிட்டால் சுவர் கோணும், ஒயரிங் பைப்பை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் மோசம் என்றும் சொல்லவில்லை.

சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுக் கடனின் கடைசித் தவணைக்காக பேங்கிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். பூசாத செங்கல் சுவரைப் பார்த்தார். 'பூச்சு வேலை பாக்கி' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பூசாமல் விடுவதுதான் டிசைன் என்று இரண்டு கடிதம் எழுதினோம். நாலு மாசம் பணம் வரவில்லை. கடைசியில் ரோட்டைப் பார்த்த சுவரை மட்டும் பூசி, பெயின்ட் அடித்து, போட்டோ எடுத்துக் கொடுத்த பிறகுதான் வந்தது.

பூசியதும் அதே கொத்தனார்தான். கூலியை வாங்கிக்கொண்டார், டீ வேண்டாம் என்றுவிட்டார்.