இறுதியாண்டு வடிவமைப்புக் கண்காட்சிக்கான காட்சி அடையாளத்தை எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் வகுப்பில் 30 பேர் இருப்பதாகவும், கண்காட்சி முழுவதற்கும் ஒரே தோற்றம் தரும் இந்த அடையாளத்துக்கு முதலில் லோகோ வரைவதா சுவரொட்டி செய்வதா என்று முடிவெடுக்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, படைப்பின் அருகே ஒட்டப்போகும் சிறிய லேபிளிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பதில்.

எங்கள் இறுதியாண்டுக் கண்காட்சிக்கு நாங்கள் சுவரொட்டியிலிருந்துதான் தொடங்கினோம். ஏ1 அளவில் அது மிக அழகாக இருந்தது. அதே எழுத்துருவையும், ஆங்கிலத்தை மனத்தில் வைத்து அமைத்த அதே நெருக்கமான வரி இடைவெளியையும் லேபிளுக்குக் கொண்டுவந்தபோது, கீழ்வரியில் இருந்த ‘கி’யின் மேல்விலங்கு (மேலே வளையும் கொக்கி) மேல்வரியின் ‘ரு’வோடு மோதி, இரண்டும் ஒரே கறுப்புத் திட்டாகிவிட்டன. முதல் நாள் ஒரு தோழியின் பாட்டி, பேத்தியின் பெயர் எங்கே என்று குனிந்து விரலால் தடவித் தேடியதைப் பார்த்த பிறகு எங்களால் பொறுக்க முடியவில்லை. அன்றிரவே எல்லா லேபிள்களையும் மறுபடி அச்சடித்தோம்.

லேபிள் சரியாக அமைந்ததும் அதிலிருந்து ஒரு விதியை உருவாக்குங்கள். மாணவர் கண்காட்சியில் 30 பேரும் 30 விதமாகப் படைத்திருப்பார்கள் என்பதால், ஒரே சின்னத்தை எல்லோர் மீதும் முத்திரையாகக் குத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2011இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீடியா லேப் என்ற ஆய்வுக்கூடத்துக்காக உருவான அடையாளத்தில், ஒரே கணினி நிரலிலிருந்து 40,000 வடிவங்கள் பிறக்கும்படி செய்திருந்தார்கள். ஆளுக்கொரு வடிவம் கிடைத்தும் அவை ஒரே குடும்பமாகத் தெரிந்தன. உங்களுக்கு நிரல்கூடத் தேவையில்லை. எக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்பு நிறுவனம் வெளியிட்ட ‘அனெக் தமிழ்’ எழுத்துருவில் தடிமனையும் அகலத்தையும் விரும்பியபடி மாற்றலாம், கட்டணமும் கிடையாது. ‘அன்பு’ என்ற சிறிய பெயரை அகலமாகவும் தடிப்பாகவும், ‘கார்த்திகேயன்’ என்ற நீண்ட பெயரை ஒடுக்கியும் அமைத்தால், பெயரின் நீளமே அவரவர் வடிவத்தைத் தீர்மானித்துவிடும். சுவரொட்டி, அழைப்பிதழ், இணையப் பக்கம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு விதியே போதும்.

நிறங்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம். திரையில் பளிச்சென்று தெரியும் பச்சையும் ஆரஞ்சும் அச்சில் மங்கிவிடும் என்பதால், முடிவெடுக்கும் முன் அச்சகத்தில் ஒரு மாதிரி எடுத்துப் பாருங்கள்.

இந்த வாரமே ஒரு லேபிளை உண்மையான அளவில் அச்சடித்து, கண்காட்சிக் கூடத்தின் வெளிச்சத்தில் மார்பு உயரத்தில் ஒட்டி, வீட்டில் வயதான ஒருவரை அழைத்து வந்து இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அவர் தயங்காமல் பெயரை வாசித்துவிட்டால், மறுநாள் சுவரொட்டி வேலையைத் தொடங்கலாம்.