எதை எடுத்தாலும் ஒரே விலை

ஹட்டனில் "எதை எடுத்தாலும் 100 ரூபா" கடைகளைப் பார்க்கிறேன். இப்படிக் கடை நடத்திப் பெரிய ஆளானவர் யார்?
– வாசகர், கொட்டகலை

அமெரிக்காவின் பிராங்க் வூல்வொர்த். 1879 பெப்ரவரியில் யூட்டிகா நகரில் 5 சதக் கடை போட்டார். சில மாதத்தில் மூட வேண்டியதாயிற்று. அதே ஜூனில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் போட்ட கடைதான் நிலைத்தது. பிறகு 10 சதச் சாமான்களும் சேர்ந்தன. 1913இல் நியூயோர்க்கில் 792 அடிக் கட்டடம் எழுப்பினார். கடன் வாங்காமல் கைக்காசில். கடையில் நின்ற பெண்களுக்குச் சம்பளம் கொடுக்க மட்டும் அவருக்குக் கை சுருங்கும். நம் தோட்டத்துச் சனத்துக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஒன்றுக்கு அவரைக் கும்பிடலாம். பல கடைகளில் சாமான்கள் விற்பவரின் முதுகுக்குப் பின்னால் இருந்த காலத்தில், அவர் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். தொட்டுப் பார்க்கலாம், யாருக்கும் ஒரே விலை. இங்கே 10ஆம் திகதி சம்பளம் வாங்கி, கொழுந்துக் கறை போகாத விரலோடு கடைக்குள் வரும் அக்காவிடம் விலை கேட்கச் சொல்லுங்கள். பின்னாலேயே கண்ணாடி போட்ட ஓர் ஐயாவை அனுப்புங்கள். ஒரே சட்டிக்கு இரண்டு விலை! விலையை எழுதி வைக்காத கடையில் நான் ஊசிகூட வாங்குவதில்லை. விலைப்பட்டியல் கண்ணில் படும்படி இருக்க வேண்டுமென்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம்.

தீபாவளி முற்பணத்தில் வாங்கிய ரைஸ் குக்கர் மூன்றாம் நாள் செத்துவிட்டது. "விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று போர்டைக் காட்டுகிறார்கள். பில் இருக்கிறது.
– வாசகி, மஸ்கெலியா

போர்டுக்குப் பயப்படாதீர்கள் தங்கச்சி, அது கடைக்காரர் எழுதியது. இன்றே பில்லைப் படம் எடுத்து வையுங்கள். அந்த வழுவழுத் தாள் அடுப்படிச் சூட்டில் வெள்ளையாகிவிடும். உத்தரவாத அட்டையோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், வாங்கி 3 மாதத்துக்குள். வழி தெரியாவிட்டால் அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.

பாதையோரத்தில் 2,000 ரூபாவுக்கு பவர் பேங்க் வாங்கினேன். பில் கேட்க வெட்கம். வேலை செய்யவில்லை. விற்றவரைக் காணோம்.
– வாசகர், பண்டாரவளை

நானும் காணவில்லை.

மழைக்காலத்துக்கு மலிவுக் குடை போதுமா?
– வாசகி, தலவாக்கலை

ஒரே மழைக்காலத்தில் மூன்று வாங்கினேன். முதலாவது பஸ்ஸை விட்டு இறங்கியதுமே காற்றில் மல்லாந்தது. இரண்டாவதில் பிடி கையோடு வந்தது. மூன்றுக்கும் கொடுத்த காசில் நல்லதாக ஒன்று வாங்கியிருக்கலாம். கம்பிகள் வீணாகவில்லை, வீட்டுப் பின்னால் போஞ்சிக்கொடி ஏறியிருக்கிறது.